மகனுக்கு விற்றமின் டி 22 எண்டு வந்திருக்கு, குளிசை குடுக்கலாமோ?

கேள்வி: டொக்டர், நாங்கள் விசுவமடுப் பக்கம். மகனுக்கு 6 வயசு, மகளுக்கு ரெண்டரை. மகன் கொஞ்ச நாளா சோர்ந்து போயிருக்கிறான், சாப்பாடு இறங்குதில்லை, இரவில ரெண்டு காலும் உளையுது எண்டு அழுறான், நகத்தில வெள்ளைப் புள்ளியும் இருக்கு. கனடாவில இருக்கிற அக்கா, உது விற்றமின் குறைபாடுதான், முழுக்க ஒருக்கா ரத்தம் செக் பண்ணு எண்டு சொன்னா. கச்சான் வித்த காசில கிளிநொச்சியில ஒரு லாப்ல பெரிய பெக்கேஜ் ஒண்டு எடுத்தம். அந்த நேரம் அவனுக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தது. விற்றமின் டி 22 எண்டு சிவப்பில போட்டிருக்கினம், சிங்க்கும் கொஞ்சம் குறைவாம், பி12 நல்லாயிருக்காம், இரும்புக் கையிருப்பும் சரியாம். அக்கா விற்றமின் டி 60,000 குளிசையும் இனிப்பு மாதிரிச் சப்புற கம்மி (gummy) விற்றமினும் அனுப்பியிருக்கிறா. குடுக்கலாமோ? மகளுக்கும் இதே பெக்கேஜ் எடுக்கட்டோ? அவள் சோறு தொடமாட்டாள், பால்தான், ஒரு நாளைக்கு நாலைஞ்சு போத்தில் குடிப்பாள். றிப்போட்டின்ர படத்தையும் அனுப்பியிருக்கிறன்.

பதில்: தங்கச்சி, அவசரமானதை முதல்ல சொல்லிப்போடுறன், அந்த 60,000 குளிசையை மகனுக்குக் குடுக்க வேண்டாம். ஏற்கனவே ஒண்டு குடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம், இனிக் குடுக்காம விட்டாச் சரி, ஆனா டொக்டரிட்டப் போகேக்க அதைச் சொல்லுங்கோ.

உங்கட மகனுக்கு விற்றமின் டி குறைபாடு இல்லை. 22 எண்ட நம்பர் ஏன் சிவப்பில வந்தது எண்டா, அந்த லாப் 30ஐ அடி எல்லையா வைச்சிருக்கு, அதுக்குக் கீழ எது வந்தாலும் கொம்பியூட்டர் தன்ர பாட்டில சிவப்பு அடிச்சுப்போடும், அதுக்கு முன்னால இருக்கிறது 6 வயசுப் பிள்ளையோ 60 வயசு அம்மம்மாவோ எண்டு பாக்காது. பிள்ளையளின்ர எலும்பு மெத்தெண்டாகி வளையிற வருத்தம், அதுதான் நாங்கள் ரிக்கெற்ஸ் எண்டு சொல்லுறது, அதைப் பற்றி பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2016இல எழுதின வழிகாட்டலில, ஒரு மில்லிலீற்றர் ரத்தத்தில 20 நானோகிராமுக்கு மேல இருந்தா போதும், 12க்கும் 20க்கும் இடையில எண்டா பத்தாது, 12க்குக் கீழ போனாத்தான் குறைபாடு எண்டு வைச்சிருக்கினம். அந்தக் கணக்கில உங்கட பிள்ளை பாஸ்.

அக்கா பயந்ததுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். கனடாவில இதே ரெஸ்ற்றை வேற அளவிலதான் சொல்லுவினம், நானோமோல் எண்டு. இஞ்சத்தைய நம்பரை ரெண்டரையால பெருக்கினா அங்கத்தைய நம்பர் வரும். அப்ப உங்கட 22 அங்க 55. அக்கா தன்ர நாட்டு அளவில 22 எண்டு நினைச்சிருந்தா, அது உண்மையா நல்லாக் குறைவான நம்பர்தான், ஆர் எண்டாலும் பதறுவினம். நம்பருக்குப் பக்கத்தில இருக்கிற அந்தச் சின்ன எழுத்தை வாசிக்காம வட்சப்பில நம்பரை மட்டும் அனுப்பிறதால வாற வில்லங்கம் இது, கிளினிக்கில நான் கனக்கப் பாத்திருக்கிறன்.

60,000 எண்டது லேசுப்பட்ட அளவில்லை. ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யுனிற்தான், அப்ப ஒரு குளிசைக்குள்ள 100 நாளைய விற்றமின் டி இருக்கு. பெரிய ஆக்கள் டொக்டர் சொல்லிக் கிழமைக்கு ஒண்டு எண்டு சில காலம் போடுற குளிசை அது. விற்றமின் சி மாதிரி கூடினதை உடம்பு மூத்திரத்தோட வெளியில விடுமெண்டு நினைக்கக்கூடாது, டி கொழுப்பில தங்குற சாமான். கூடிப்போனா ரத்தத்தில கல்சியம் ஏறும், பிள்ளை சத்தி எடுக்கும், மலம் இறுகும், தண்ணி தண்ணி எண்டு கேக்கும், அடிக்கடி மூத்திரம் போகும், இன்னும் கூடினா கிட்னியையே பாதிக்கும். விற்றமின் தானே, என்ன செய்யப்போகுது எண்டு நினைச்சு நல்ல மனசோட குடுத்து பிள்ளையை வாட்டில போட்ட ஆக்கள் இருக்கினம்.

இனி நீங்கள் கேக்காத விசயத்துக்கு வாறன், எனக்கு உங்கட கடிதத்தில முக்கியமாப் பட்டது இதுதான். நீங்கள் அனுப்பின படத்தில கடைசித் தாள் ஒண்டு இருக்கு, எஃப்பிசி எண்டு சொல்லுற சாதாரண ரத்த எண்ணிக்கை. பெக்கேஜ்ல இருக்கிறதுக்குள்ள ஆக மலிவான ரெஸ்ற், அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமலே செய்வினம். உங்கட வீட்டில ஆரும் அதைப் பாக்கேல்லை எண்டு நினைக்கிறன், ஏனெண்டா அதில விற்றமின் எண்ட சொல்லே இல்லை. ஆனா உங்கட மகன் ஏன் சோர்ந்து போயிருக்கிறான் எண்ட பதில் அந்தத் தாளிலதான் இருக்கு. ஹீமோகுளோபின் 10.7. அஞ்சு வயசில இருந்து பதினொண்டு வயசு வரைக்கும் 11.5ஆவது இருக்கோணும். சிவப்பணுவின்ர பருமன், எம்சிவி எண்டு போட்டிருக்கும், அது 71, இந்த வயசுக்குச் சின்னன். ஆர்டிடபிள்யூ 17.2, அப்பிடியெண்டா அணுக்கள் ஒண்டு பெரிசு ஒண்டு சிறிசா ஒரு ஒழுங்கில்லாம இருக்கு. இந்த மூண்டையும் சேத்துப் பாக்கேக்க எனக்கு முதல்ல வாற நினைப்பு இரும்புச்சத்துக் குறைவு.

ஆனா இரும்புக் கையிருப்பு சரியெண்டு போட்டிருக்கே எண்டு நீங்கள் கேப்பீங்கள். ஃபெரிற்றின் 42, லாப் அதுக்கு நோர்மல் எண்டு போட்டிருக்கு, வாசிக்கிற எல்லாரும் அதை நம்பத்தான் செய்வினம். இதிலதான் அந்தக் காய்ச்சல் விளையாடியிருக்கு. ஃபெரிற்றின் எண்டது உடம்பில இரும்பு சேத்து வைக்கிற களஞ்சியம் மாதிரி. உடம்புக்குள்ள கிருமி வந்தா அதுக்கும் இரும்பு வேணும், அதைக் குடுக்கக்கூடாதெண்டு உடம்பு களஞ்சியத்தைப் பூட்டிப்போடும், அதோட அழற்சியாலயே ஃபெரிற்றின் கூடுதலா உருவாகி ரத்தத்தில ஏறும், அப்ப உள்ளுக்க இரும்பு இல்லாட்டியும் நம்பர் நல்லாத் தெரியும். அதுக்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல ரெண்டு விதமான எல்லை சொன்னது. அஞ்சு வயசுக்கு மேல, சுகமா இருக்கிற பிள்ளைக்கு 15க்குக் கீழ எண்டா இரும்பு இல்லை, ஆனா காய்ச்சல், தொற்று இருக்கிற பிள்ளைக்கு 70க்குக் கீழ எண்டாலே இரும்பு இல்லை எண்டு சந்தேகப்படோணும். அஞ்சு வயசுக்குக் கீழ எண்டா அது 12உம் 30உம். உடம்பில தொற்று, அழற்சி இருந்தா ஏறுற சிஆர்பி எண்ட ரெஸ்ற் உங்கட மகனுக்கு அண்டைக்கு 36, காய்ச்சல் நல்லா இருந்திருக்கு எண்டதுக்கு அது சாட்சி. அப்ப 42 எண்டது நோர்மல் இல்லை.

அதே காய்ச்சல் சிங்க்கில நேர் எதிரா வேலை செய்திருக்கு. உடம்பில தொற்று இருக்கேக்க ரத்தத்தில இருக்கிற சிங்க்கை ஈரல் இழுத்து வைச்சுக்கொள்ளும், விற்றமின் ஏயும் அப்பிடித்தான் கீழ இறங்கும். சாப்பிட்டாப் பிறகு எடுத்தாலும், பின்னேரம் எடுத்தாலும், பிழையான போத்திலில எடுத்தாலும் சிங்க் நம்பர் மாறும். அதனால உங்கட றிப்போட்டில இருக்கிற சிங்க் குறைவை நான் நம்பவும் மாட்டன், அதை வைச்சு மருந்து எழுதவும் மாட்டன். ஒரே ஊசியில எடுத்த ரத்தம், ஒரு நம்பரைக் காய்ச்சல் ஏத்திக் காட்டியிருக்கு, இன்னொண்டை இறக்கிக் காட்டியிருக்கு. உயிர் அவசரம் இல்லாட்டி பிள்ளைக்குக் காய்ச்சல் மாறி ரெண்டு மூண்டு கிழமை கழிச்சுத்தான் இப்பிடியான ரெஸ்ற் எடுக்கோணும். லாப்ல வேலை செய்யிற ஆளுக்கு அது தெரியாமல் இருக்கலாம், தெரிஞ்சாலும் வந்த ஆக்களைத் திருப்பி அனுப்ப அவைக்கு மனம் வராது, அதனால நாங்கள்தான் கேக்கோணும்.

முந்தி வன்னியில ஒரு பிள்ளை வெளிறிச் சோர்ந்து வந்தா எங்களுக்கு முதல் நினைப்பு மலேரியாதான். 2016இல இலங்கையில மலேரியா இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது, அது எங்கட பிரதேசத்துக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு அந்தக் காலத்தில வாட்டில நிண்ட ஆக்களுக்குத்தான் விளங்கும். ஆனா மலேரியா போனாலும் வெளிறின பிள்ளையள் போகேல்லை. காரணம் இப்ப சாப்பாட்டுக்குள்ளயும் பூச்சிக்குள்ளயும் இருக்கு. காலமை பிளேன்ரீயும் பிஸ்கற்றும், மத்தியானம் சோறும் பருப்பும் எடுத்தது பாதி வைச்சது பாதி, பின்னேரம் திருப்பியும் தேத்தண்ணி. தேயிலை சாப்பாட்டில இருக்கிற இரும்பைப் பிடிச்சு வைச்சு உடம்புக்குள்ள விடாது. அதோட தோட்டத்துக்குள்ள வெறுங்காலோட திரியிற பிள்ளையளுக்குக் கொக்கிப்புழு ஏறும், அது குடலில இருந்து ரத்தம் குடிக்கும். பள்ளிக்கூடத்தில குடுக்கிற பூச்சிக்குளிசையை மகன் போட்டவனோ இல்லாட்டி கைக்குள்ள வைச்சு எறிஞ்சவனோ எண்டு ஒருக்கா அன்பாக் கேளுங்கோ.

இன்னொண்டையும் டொக்டர் மனசில வைச்சிருப்பார். சிவப்பணு சின்னனா இருக்கிறதுக்கு தலசீமியாக் கீற்றும் ஒரு காரணம், அதாவது நோய் இல்லை, அப்பாவிட்டயோ அம்மாவிட்டயோ இருந்து வந்த ஒரு பரம்பரைக் குணம். அதில வழமையா அணுவின்ர எண்ணிக்கை கூடவா இருக்கும். எம்சிவியை சிவப்பணு எண்ணிக்கையால பிரிச்சு 13க்கு மேல வந்தா இரும்புப் பக்கம், கீழ வந்தா தலசீமியாப் பக்கம் எண்டு ஒரு பழைய கணக்கு இருக்கு, உங்கட மகனுக்கு 71ஐ 4.3ஆல பிரிச்சா 16.5 வருது, இரும்புப் பக்கம்தான் சாயுது. ஆனா இது ஒரு கை காட்டுற கணக்குத்தான், முடிவில்லை. இரும்பு மருந்து ஒழுங்காக் குடிச்சும் ஏறாட்டித்தான் தலசீமியா ரெஸ்ற் பாக்கிறது, இப்பவே அதுக்கும் காசைக் கொட்ட வேண்டாம்.

மருந்து குடுத்துப் பாக்கிறதே ஒரு ரெஸ்ற்தான் எண்டதை நான் எல்லா அம்மாமாருக்கும் சொல்லுறனான். டொக்டர் பிள்ளையின்ர நிறையைப் பாத்து, வழமையா ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு எண்ட கணக்கில எழுதுவார். அதை ஒழுங்காக் குடுத்து ஒரு மாசத்தில ஹீமோகுளோபின் ஒரு புள்ளியாவது ஏறினா, உதாரணத்துக்கு 10.7 எண்டது 11.7க்கு மேல வந்தா, அவனுக்கு இருந்தது இரும்புக் குறைவுதான் எண்டு உறுதி, அதுக்கு மேல ஒரு பெக்கேஜும் தேவையில்லை. ஏறீற்று எண்டு அண்டைக்கே மருந்தை நிப்பாட்டவும் கூடாது, களஞ்சியம் நிரம்ப இன்னும் ரெண்டு மூண்டு மாசம் குடுக்கோணும், கன பேர் பிள்ளை ஓடித்திரியத் தொடங்கின உடன போத்திலை மூடி வைக்கினம், பேந்து அடுத்த வருசம் அதே வெளிறின முகத்தோட வருவினம். மருந்து குடிக்கேக்க மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். பாலோடயும் தேத்தண்ணியோடயும் குடுக்காதேங்கோ, தேசிக்காய்த் தண்ணியோ தோடம்பழமோ குடுத்தா நல்லா இழுக்கும். ஒண்டு மட்டும் கட்டாயம், இரும்பு மருந்தை ரெண்டரை வயசுக்காரியின்ர கைக்கு எட்டாத இடத்தில பூட்டி வையுங்கோ. சின்னப் பிள்ளை ஒரேயடியா கனக்க விழுங்கினா அது உயிரை எடுக்கிற மருந்து.

அப்ப விற்றமின் ரெஸ்ற் ஒண்டும் தேவையில்லையோ எண்டா, அப்பிடியும் இல்லை. பிள்ளையைப் பாத்து ஒரு கேள்வி எழும்போணும், அந்தக் கேள்விக்கு எந்த ரெஸ்ற் பதில் சொல்லுமோ அதை எடுக்கோணும். கால் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, மணிக்கட்டு தடிச்சிருக்கு, நடக்கப் பிந்துது, பல்லு முளைக்கப் பிந்துது, கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தது, இல்லாட்டி வலிப்புக்குக் கன காலமா குளிசை போடுற பிள்ளை, கிட்னி ஈரல் வருத்தம் உள்ள பிள்ளை, நடக்கேலாமல் வீட்டுக்குள்ளயே படுக்கையில இருக்கிற பிள்ளை, இவைக்கு விற்றமின் டி பாக்கத்தான் வேணும், அதோட கல்சியம், பொஸ்பேற், ஏஎல்பி (எலும்பிலயும் ஈரலிலயும் இருந்து ரத்தத்துக்கு வாற ஒரு நொதியம்), மணிக்கட்டு எக்ஸ்ரேயும் சேத்துப் பாக்கோணும். ஏஎல்பி வளருற பிள்ளைக்குப் பெரிய ஆக்களை விடக் கூடவாத்தான் இருக்கும், அதைப் பாத்தும் கன அம்மாமார் அழுதிருக்கினம். பி12 எண்டா, மீனோ முட்டையோ பாலோ ஒண்டும் தொடாத சுத்த சைவ வீட்டுப் பிள்ளைக்கும், அப்பிடிச் சாப்பிடுற தாயின்ர பாலை மட்டும் குடிச்சு வளருற குழந்தைக்கும் பாக்கிறது அவசியம். அப்பிடியான குழந்தை முன்னம் சிரிச்சு விளையாடினது இப்ப மந்தமாப் போச்சு, கழுத்து நிக்குதில்லை எண்டா அது பிந்தக்கூடாத விசயம். உங்கட வீட்டில மீன் சாப்பிடுற ஆக்கள் எண்டா, அவன்ர பி12 நல்லா இருக்கிறதில எனக்கு ஆச்சரியம் இல்லை. விற்றமின் ஏக்கு ரத்தம் எடுக்கிறதில தனிப் பிள்ளைக்குப் பெரிய பிரயோசனம் இல்லை, தொற்று இல்லாத நேரத்தில, ஈரலில இருக்கிற சேமிப்பு நல்லாக் குறையும்வரை ரத்தத்தில நம்பர் அசையாது. பொழுதுபட்டா பிள்ளை தட்டுத்தடுமாறுதோ, கண்ணின்ர வெள்ளையில நுரை மாதிரித் திட்டு இருக்கோ எண்டு பாக்கிறது அதை விட மேல்.

கம்மி விற்றமினைப் பற்றி. போத்திலைத் திருப்பி வாசிச்சுப் பாருங்கோ, கம்மியில கனத்துக்கு இரும்பே போடுறேல்லை, ருசி கெட்டுப்போகும் எண்டு. அப்ப உங்கட மகனுக்கு வேண்டிய ஒண்டு அதில இல்லாமல் இருக்கக்கூடும். அக்கா அன்பாத்தான் அனுப்பினவ, அவவோட சண்டைக்குப் போக வேண்டாம், போத்திலை டொக்டரிட்டக் காட்டுங்கோ, இனிப்பு மாதிரி பிள்ளையளின்ர கையில மட்டும் குடுத்திடாதேங்கோ.

பெக்கேஜுக்குப் போற காசுக்கு மீன் வாங்கலாம், இதை நான் சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லேல்லை. இரணைமடுவில பிடிக்கிற யப்பான் மீன், முல்லைத்தீவுக் கரையால வாற சூடை, நெத்தலி, இதுகளில இருக்கிற இரும்பு கீரையில இருக்கிறதை விட லேசா உடம்பில சேரும், நெத்தலியை முள்ளோட சாப்பிட்டா கல்சியமும் சேரும். கிழமையில ஒருக்கா கோழி ஈரல் கொஞ்சம். முருங்கை இலை வறையும் பொன்னாங்காணியும் நல்லதுதான், ஆனா தேசிக்காய் பிழிஞ்சு சாப்பிட்டாத்தான் அதில இருக்கிற இரும்பு வடிவா இறங்கும், இல்லாட்டி சாப்பிட்டு முடிய ஒரு கொய்யாப்பழம். நீங்களே கச்சான் போடுற ஆக்கள், வித்தது போக வீட்டுக்கும் கொஞ்சம் வையுங்கோ, பிஸ்கற் பைக்கற்றுக்குப் பதிலா அவிச்ச கச்சான் எவ்வளவோ மேல். மகளுக்கு முழுசாக் குடுக்காதேங்கோ, புரைக்கேறும், இடிச்சுக் குடுங்கோ. வெயிலுக்கு வன்னியில பஞ்சமில்லை, ஆனா பிள்ளையள் வெயிலைக் காணுறது குறைஞ்சு போச்சு, காலமை பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், பேந்து போன். மகனை வளவுக்குள்ள பந்தடிக்க விடுங்கோ, அவன்ர 22 தன்ர பாட்டில இன்னும் ஏறும்.

மகளுக்கு அந்தப் பெக்கேஜ் வேண்டாம். ஆனா அவளுக்கு எஃப்பிசி ஒண்டு கட்டாயம் எடுக்கோணும், உண்மையைச் சொன்னா எனக்கு மகனை விட அவளைப் பற்றித்தான் கூட யோசனை. ஒரு நாளைக்கு நாலைஞ்சு போத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோத்துக்கு வயித்தில இடமில்லை, பாலில இரும்பு இல்லாத மாதிரித்தான், அதோட பாலில இருக்கிற கல்சியம் மற்றச் சாப்பாட்டில இருக்கிற இரும்பையும் தடுக்கும். இப்பிடிப் பாலில மட்டும் கொழுகொழு எண்டு வளந்த பிள்ளையளுக்கு ஹீமோகுளோபின் நல்லா இறங்கிப் போயிருக்கும், பாக்க ஒண்டும் தெரியாது. ஒரேயடியா நிப்பாட்டினா அழுது வீட்டைக் கலக்குவாள், அதனால முதல்ல இரவுப் போத்திலை நிப்பாட்டி, பேந்து பகலில ஒவ்வொண்டாக் குறைச்சு, ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல போகாமல் பாருங்கோ, அதையும் கப்பில குடுங்கோ. சாப்பாட்டுக்கு முன்னால பால் குடுக்கவே வேண்டாம். பசிச்சா சாப்பிடுவாள், முதல் கொஞ்ச நாளைக்கு உங்கட மனசைத்தான் கல்லாக்கோணும். கிளினிக் கொப்பியை எடுத்து, 6 மாசத்துக்கு ஒருக்கா குடுக்கிற விற்றமின் ஏ எல்லாம் போட்டிருக்கோ, நிறைக் கோடு மேல போகுதோ எண்டும் பாருங்கோ. விடுபட்டிருந்தா உங்கட பகுதி குடும்பநல மாதுவிட்டச் சொன்னா அவ ஒழுங்கு செய்து தருவா.

நகத்தில இருக்கிற வெள்ளைப் புள்ளியைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. அது கல்சியக் குறைவும் இல்லை, விற்றமின் குறைவும் இல்லை, விளையாடேக்க நகத்தின்ர அடியில பட்ட சின்ன அடிதான், நகம் வளர அதுவும் வெளிய போயிடும். கால் உளைவும், ரெண்டு காலிலயும், பொழுதுபட்ட பிறகு வந்து, தடவி விட நித்திரையாகி, விடியத் துள்ளிக்கொண்டு ஓடுறான் எண்டா, வளருற வயசில வாற உளைவுதான், அதுக்கு ரத்தம் எடுக்கத் தேவையில்லை.

இப்ப நீங்கள் செய்ய வேண்டியது, றிப்போட்டின்ர எல்லாத் தாளையும், முக்கியமா அந்தக் கடைசித் தாளையும், கிளினிக் கொப்பியையும், அக்கா அனுப்பின ரெண்டு போத்திலையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையள் ரெண்டு பேரையும் பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியில காட்டுங்கோ, அவையள் கிளிநொச்சி மாவட்ட ஆஸ்பத்திரி பிள்ளையள் கிளினிக்குக்குத் துண்டு தருவினம். காய்ச்சல் எண்டைக்கு வந்தது, ரத்தம் எண்டைக்கு எடுத்தது எண்ட ரெண்டு திகதியையும் றிப்போட்டின்ர மேலயே எழுதி வைச்சுக்கொண்டு போங்கோ, பாக்கிற டொக்டருக்கு அது பெரிய உதவி. ஆனா மகனுக்கு ஒரு காலில மட்டும் நோ, விடியவும் நொண்டுறான், மூட்டு வீங்கியிருக்கு, விட்டு விட்டுக் காய்ச்சல் வருது, அடிபடாமலே உடம்பில நீலமாக் கண்டிப்போகுது, முரசால ரத்தம் வருது, நிறை குறையுது, இதுகளில ஒண்டு இருந்தாலும் கிளினிக் நாள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.